பதக்கமும் உண்மையும்

மறைந்த தலைவரின் பெயரால் அரசொன்று விருது நிறுவுவது அவரைப் போற்றவா, அன்றி அவர் எழுப்பிய வினாவை மூடிவைக்கவா? தென்னாபிரிக்காவின் லுத்துலி விருது நம்மை இவ்வினாவின் முன் நிறுத்துகின்றது.

அல்பேட் லுத்துலி ஆசிரியராயிருந்தவர். ஆபிரிக்க தேசிய காங்கிரசைத் துறக்க மறுத்தமையால், 1952இல் நிறவெறி அரசு அவரது குலத்தலைமையைப் பறித்தது. பின்னர் ஊரெல்லை தாண்டாதவாறு தடையும் விதித்தது. 1960ஆம் ஆண்டிற்குரிய நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1967இல் அவர் இறந்தபோது, புகைவண்டி மோதியதே காரணமென விசாரணை முடிக்கப்பட்டது.

சனநாயகப் போராட்டத்திற்குத் தொண்டாற்றியோர்க்கென, விடுதலை பெற்ற நாடு 2003இல் அவர் பெயரால் பொன், வெள்ளி, வெண்கல விருதுகளை நிறுவியது. நற்செயலே. ஆயின் அவர் மாண்டது விபத்தாலன்று, பொலிசாரின் தாக்குதலால் என்று நீதிமன்றம் தீர்ப்புரைத்ததோ 2025இல். பதக்கத்திற்கும் உண்மைக்குமிடையே 22 ஆண்டுகள்!

காங்கேசன்துறை மக்களாகிய நாம் இதனைத் தூரதேசத்துக் கதையென ஒதுக்கவியலாது. இங்கும் 1986 முதல் ‘தேசமான்ய’, ‘தேசபந்து’ என்னும் விருதுகள் உள. ஆனால் 1990இல் ஊரிழந்தோரும், காணாமலாக்கப்பட்டோரின் அன்னையரும் பதக்கம் கேட்டிலர். நிலத்தையும் உண்மையையுமே கேட்டனர். நம் தொகுதியின் செல்வநாயகத்திற்குத் ‘தந்தை’ என்னும் பட்டத்தை எந்த அரசும் அளிக்கவில்லை, மக்களே அளித்தனர்.

விருதை நாம் வெறுக்கவில்லை. பெயரைப் பொறிக்கும் அரசு, அப்பெயருக்குரியார் வேண்டிய நீதியையும் வழங்கட்டும் என்கின்றோம். ஆசிரியர்களாகிய நாமும் விருதுப் பட்டியலை மாணவர்க்கு மனனஞ் செய்விப்பதோடு நில்லாது, ஒவ்வொரு பெயரின் பின்னுள்ள வழக்கையும் கற்பிப்போமாக.