பாதி மறையும் சாளரம்: குறை நம்முடையதா?

புந்தோங் வகுப்பறை ஒன்றில் புரொஜெக்டரை இரண்டாம் திரையாக வைத்துப் பாடம் நடத்துகிறோம். மறுநாள் புரொஜெக்டர் இல்லாமல் அதே மென்பொருளைத் திறந்தால், சாளரம் பாதி திரைக்கு வெளியே நிற்கிறது. "டீச்சர், பட்டனையே காணோமே!" என்கிறார்கள் மாணவர்கள். நாமும் "கணினி நமக்கு ஒத்து வராது" என்று ஒதுங்கிவிடுகிறோம். அதற்குத் தேவையே இல்லை, குறை மென்பொருளில்தான்.

பல மென்பொருள்கள் மூடும்போது சாளரம் நின்ற இடத்தை எண்களாகக் குறித்து வைக்கின்றன. மீண்டும் திறக்கும்போது, அந்த இடத்தில் இப்போது திரை இருக்கிறதா என்று சில மென்பொருள்கள் சரிபார்ப்பதில்லை. இதற்கென விண்டோஸ் தரும் கட்டளை ஒன்று, சாளரம் முழுதாக வெளியே போனால்தான் அதை உள்ளே இழுத்துவரும். பாதி வெளியே நின்றால் கண்டுகொள்ளாது!

2021-இல் வந்த விண்டோஸ் 11, திரை வாரியாகச் சாளர இடத்தை நினைவில் வைக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 1366×768 திரையில் உயரமான சாளரம் திறந்தால், 'சரி' பொத்தான் இன்னமும் கீழே மறையலாம்.

மீட்க வழி உண்டு: ஆல்ட், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு எம், பிறகு அம்புக்குறி விசைகளால் நகர்த்தி, என்டர் தட்டுங்கள். இந்த வழியைத் திரையில் எங்கும் சொல்லாததுதான் பெரிய குறை.

எஸ்.பி.எம். கணினி அறிவியல் மாணவர்களே, நீங்கள் நிரல் எழுதும்போது சேமித்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முதலில் திரையின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.