தனிவழியா, துணைவழியா?

தமிழில் விண்ணகப் பயணத்தையே முழுப்பொருளாகக் கொண்ட பெருங்காப்பியம் ஒன்றே உண்டு. அது எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894இல் நூலாக வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஐந்து பருவங்கள், மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுள்கள். கல்லூரிப் பாடநூல்களில் அதன் சில பகுதிகளைப் பயின்றோர் நம்மிடையே பலர் இருப்பர். ஆனால் அதை வீட்டில் வைத்துப் படிக்கும் கத்தோலிக்கர் மிகச் சிலரே. சீர்திருத்த சபையாரின் நூல் என்ற தயக்கம் ஒருபுறம். அதன் மூலமான ஜான் பனியனின் ஆங்கில நூலில் (1678) திருத்தந்தையைக் குகைவாயிலில் அமர்ந்திருக்கும் கிழட்டு அரக்கனாகச் சித்திரிக்கும் ஓரிடம் உண்டென்று கேள்வியுற்ற மனக்கசப்பு மற்றொருபுறம். அது பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சண்டை. அதை அங்கேயே விட்டுவிட்டு, காப்பியத்தைக் காப்பியமாக நோக்குவோம். நாம் எழுப்ப வேண்டிய வினா வேறு: விண்ணகம் செல்லும் வழியில் ஒருவன் தனியாகவா நடக்கிறான்?

கதை பலரும் அறிந்ததே. தன் நகரம் அழிவுக்குரியது என்றுணர்ந்த ஒருவன், முதுகில் பாவச்சுமையோடு, மனைவி மக்கள் அழைக்க அழைக்கத் திரும்பிப் பாராமல் ஓடுகிறான். பனியனின் கதைமாந்தன் காதுகளில் விரலை வைத்துக்கொண்டு ஓடுவதாகவே எழுதப்பட்டிருக்கிறது. இல்லறக் கடமையைத் தலையாயதாகப் போற்றும் தமிழ் மனத்துக்கு இந்தத் தொடக்கமே நெருடுகிறது. இவன் தப்பிக்கிறானா, கைவிடுகிறானா?

கிருஷ்ண பிள்ளைக்கு இது வெறும் உருவகம் அன்று என்பதை நாம் மறக்கலாகாது. 1827இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் தோய்ந்து வளர்ந்தவர் அவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்து மனிதர் ஒருவர் மதம் மாறுவதென்றால் உணவும் உறவும் நல்லநாள் கெட்டநாள்களும் ஒருங்கே அறுபடும். இங்கிலாந்தில் உருவகமாயிருந்த ஓட்டம் பொருநைக் கரையில் வாழ்க்கை நிகழ்ச்சியாயிற்று. ஆகவேதான், பயணி வீட்டைத் துறக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பின் வாடை சிறிதும் வீசவில்லை. கம்பனிடம் பயின்ற விருத்தங்கள் அங்கே பிறர் துயரைப் பாடவில்லை. தம் ஆசிரியரின் துயரையே பாடுகின்றன.

ஆனால் நம் நிலை என்ன? நாம் தாயின் மடியிலேயே திருமுழுக்குப் பெற்றோம். நம்முள் பெரும்பாலோர்க்கு விட்டோடி வர ஒரு நகரமும் இல்லை, தட்டித் திறக்க ஒரு வாயிலும் இல்லை. பாட்டனார் காலத்திலேயே கதவு திறந்துவிட்டது. எனவே பயணம் முடிந்துவிட்டது போலவும், விண்ணகம் பிதிரார்ச்சிதச் சொத்துப் போலவும் எண்ணி அமர்ந்துவிடுகிறோம். இரட்சணிய யாத்திரிகம் நம்மைத் தைக்க வேண்டிய இடம் இதுவே. ‘நீ எதை விட்டுப் புறப்பட்டாய்?’ என்று அது கேட்கிறது. அதற்கு விடை சொல்வது மதம் மாறியவரைக் காட்டிலும் மரபுவழிக் கிறிஸ்தவர்க்கே கடினம்.

காப்பியத்தின் உச்சம் குமார பருவத்தில் இருக்கிறது. மூலநூலில் பயணி சிலுவையடிக்கு வருகிறான், சுமை தானே அவிழ்ந்து உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. சில வரிகளில் முடிந்துவிடும் காட்சி. கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. சிலுவையில் தொங்கியவர் யார், ஏன் தொங்கினார் என்பதை அறியாத ஒரு நாட்டுக்குச் சுமை விழுந்த செய்தியை மட்டும் எப்படிச் சொல்வது? ஆகவே ஆண்டவரின் பாடுகளை அவ்விடத்தில் விரித்துப் பாடினார். மூலத்தை விட்டு விலகிய இந்த இடமே அவர் மூலத்தை வென்ற இடம். பெரிய வியாழன் இரவிலும் வெள்ளிக்கிழமையிலும் நம் கோவில்களில் பாடுகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு இப்பகுதி அந்நியமாக ஒலிக்காது. எந்தச் சபையின் நூல் என்ற எண்ணமே வாசிப்பவர்க்கு எழாது.

எல்லா இடமும் இப்படி அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்புகளும் குற்றங்களும் ஆள்வடிவம் பூண்டு வரிசையாக வந்து வாதிடும் படலங்கள் பல. அங்கே கற்பனை நின்று, பிரசங்கம் நடக்கிறது. வடசொற்கள் அடர்ந்து, உரையின்றி ஓரடியும் எடுத்துவைக்க இயலாத காடாகிவிடுகிறது. இயற்கை வருணனைகள் சில, காப்பிய இலக்கணம் கேட்டதற்காகவே வந்து அமர்ந்தவை. இத்தகைய பக்கங்களை வாசகர் விரைந்து கடந்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை.

மறுபடி உயிர் வருவது துணைவர்கள் வரும்போது. ஆத்தும விசாரியாகிய பயணியோடு நிதானி என்பவன் சேர்ந்து நடக்கிறான். மாயச் சந்தை நடக்கும் நகரில் அவன் உண்மைக்காக உயிர் கொடுக்கிறான். அந்தச் சாவைக் கண்ட ஒருவன் நம்பிக்கை என்னும் பெயரோடு அடுத்த துணையாகிறான். மறைச்சாட்சியின் குருதி திருச்சபையின் வித்து என்ற பழைய உண்மையை இதைவிட எளிதாகக் கதையில் பொதிய முடியாது. இறுதியில், பாலமில்லாத மரண ஆற்றில் பயணி மூழ்கத் தொடங்கும்போது அவன் தலையைத் தூக்கிப் பிடிப்பவனும் இந்த நம்பிக்கையே. தனியே ஓடத் தொடங்கியவன் தனியே கரையேறவில்லை! கதை தன் தொடக்கத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. பனியனும் இக்குறையை உணர்ந்தார் போலும். விடப்பட்ட மனைவியும் மக்களும் பின்தொடர்ந்து வரும் இரண்டாம் பாகத்தை 1684இல் எழுதினார். கிருஷ்ண பிள்ளை எடுத்துக்கொண்டது முதற் பாகத்தையே. தமிழ்க் காப்பியத்தில் அந்த மனைவி இன்னும் வாசலிலேயே நிற்கிறாள்.

அவளை உள்ளே அழைத்துவரும் காப்பியம் நம்மிடம் முன்பே இருந்தது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய ‘தேம்பாவணி’யைத்தான் சொல்கிறோம். புதுவையில் வாழும் நமக்கு அந்நூலோடு தனி உறவு உண்டு: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது அச்சேறியது இங்குள்ள மிஷன் அச்சுக்கூடத்தில். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியம் ஒரு பயணக் காப்பியமும் ஆகும். அழிவு துரத்த, இரவில் நகரை விட்டு ஓடுவது அங்கும் உண்டு. ஆனால் ஓடுபவர் மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடவில்லை, அவர்களுக்காகவே ஓடுகிறார். எகிப்து வரை நீளும் வழியில் பழைய ஏற்பாட்டு வரலாறுகளை வானவர் எடுத்துரைக்கின்றனர். முன்னே நடந்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே பின்னே வருபவர்கள் நடக்கிறார்கள். திருச்சபை என்பதும் இதுதானே.

தேம்பாவணியிலும் குறை உண்டு. அற்புதங்கள் அளவிறந்து பெருகுவதால் பாலைநிலத்தின் வெப்பம் சில இடங்களில் நம்மைச் சுடுவதில்லை. ஸ்பானியத் துறவி ஆகிர்தா மரியாளின் தியான நூலைத் தழுவியதன் விளைவு அது எனலாம். ஆயினும் அயல்நாட்டில் தச்சுத்தொழில் செய்து பிழைக்கும் சூசை, எந்த உருவக மாந்தரும் தராத ஒன்றைத் தருகிறார். விண்ணகப் பாதை ஒரு பட்டறை வழியாகப் போகிறது. தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த நம் தட்டாஞ்சாவடியில், இரவுப்பணி முடித்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒருவரிடம் ‘அழியும் நகரை விட்டு ஓடு’ என்று சொன்னால் அவர் எங்கே ஓடுவார்? அவர் பயணம் அந்த வேலையோடும் வீட்டோடும்தான் நடந்தாக வேண்டும்.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சாவடி இருக்கிறது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தையும் சாவடி என்பது வழக்கு. சாவடியைத் தன் வீடென்று எண்ணி நிரந்தரமாகத் தங்கிவிடுபவனும் பேதை. சாவடியே வேண்டாம் என்று வெறுப்பவனும் பேதை. தமிழரின் பழைய பயண இலக்கியமான ஆற்றுப்படை இவ்வுணர்வை நன்கறியும். பரிசு பெற்று வருபவன், பசியோடு எதிர்வருபவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. அந்தப் பாணனும் தனியாக வருவதில்லை. விறலியும் பசித்த சுற்றமும் உடன் வரும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் வழியிலுள்ள எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் சுட்டுவர். ஆகஸ்டு மாதத்தில் காவியுடுத்து, சென்னைப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவோர் அதே கடற்கரை வழியாகத்தான் புதுவைக்குள் நுழைகின்றனர். கைக்குழந்தையோடு நடப்பவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் நேர்ச்சையைப் பேரம்போல் எண்ணி நடக்கிறார்கள் என்ற ஐயம் நமக்கு எழுவதுண்டு. எனினும், இடறும் காலுக்குத் தோள் கொடுத்து, முன்னே போனவர் பின்னே வருபவர்க்குத் தண்ணீர் இருக்குமிடம் சொல்லும் அந்த நடையில் ஆற்றுப்படையின் உயிர் இன்னும் இருக்கிறது. கிருஷ்ண பிள்ளை கம்பனைப் பின்பற்றியதற்கு மாறாகப் பாணர்களைப் பின்பற்றியிருந்தால் அவர் பயணி வீட்டாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பியிருப்பானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் தன் ஏழாம் இயலை, பயணம் செய்யும் திருச்சபைக்கே ஒதுக்கியது. 2025ஆம் ஆண்டின் யூபிலியும் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று நம்மைப் பன்மையிலேயே அழைத்தது. இப்பன்மையில் மண்ணில் நடப்போர் மட்டுமல்லர், இறந்தோரும் அடக்கம். நவம்பரில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும் நமக்கு, ஆற்றைக் கடந்தவரோடும் உறவு அறுவதில்லை. இந்த உறவு இரட்சணிய யாத்திரிகத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று அதன் ஆசிரியரின் சபை எதிர்பார்க்கவும் இல்லை. தேம்பாவணியில் உண்டு: உயிர் நீத்த சூசை உடனே முடிசூடவில்லை. முன்னோர் உறைந்த இடத்தில் அவர்களோடு காத்திருக்கிறார். உயிர்த்த ஆண்டவர் வந்த பின்னரே, அவர்களெல்லாரும் உடன்வர, விண்ணகம் ஏறுகிறார்.

இன்னொன்று. அழகிய மாளிகையில் தங்கிப் புறப்படும் பயணிக்கு, மூலக்கதையில், ஓர் அப்பமும் ஒரு குப்பி திராட்சை இரசமும் உலர்திராட்சைக் குலையும் கொடுத்தனுப்புகின்றனர். வழிக்குக் கட்டுச்சோறு! பனியன் அதற்கு என்ன பொருள் கொண்டாரோ, மரணப் படுக்கையில் வழியுணவாக நற்கருணை அருந்தும் வழக்கமுடைய நாம் அவ்வரியைச் சும்மா கடந்து போக முடியாது.

பங்கு நூலகங்களில் இவ்விரு காப்பியங்களும் இருந்தால் பெரும்பாலும் பூட்டிய அலமாரியிலேயே இருக்கின்றன. முழுமையும் படிக்க ஓராண்டு வேண்டும். ஆனால் வரும் தவக்காலத்தில், குமார பருவத்தின் பாடுகள் பகுதியையும் தேம்பாவணியின் எகிப்துப் பயணத்தையும் உரையோடு எடுத்து, வாரம் ஒரு மாலை, அன்பியக் கூட்டங்களில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். பாடம் சொல்லத் தமிழாசிரியர் ஒருவர் ஒவ்வொரு பங்கிலும் கிடைப்பார்.