ஊசி பிடிக்கும் கையும் பெயருக்கு முன் பட்டமும்

வலை இழுத்துத் தேய்ந்த தோளும் படகு தள்ளிப் பிடித்துக்கொண்ட இடுப்பும் நம் மீனவர் ஊரான நெட்டுக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. மாத்திரை போட்டு அலுத்துப்போனவர்கள் அக்குபங்சர் பக்கம் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு அதையே படித்தால் என்ன என்ற எண்ணமும் வருகிறது. விசாரிக்கத் தொடங்கினால் டிப்ளமோ, எம்.டி., பிஎச்.டி., அமெரிக்க டாக்டர் பட்டம் என்று ஏகப்பட்ட பெயர்கள். எது மருத்துவம் பார்க்கத் தகுதி தருவது, எது சுவரில் மாட்ட மட்டும் ஆவது என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்த மருத்துவத்தில் தரம் பற்றிய கவலை நேற்றுத் தோன்றியதல்ல. சீனாவில் சோங் அரச மரபின் காலத்தில், 1027இல், வாங் வெய்யி என்ற அரண்மனை மருத்துவர் ஆளுயர வெண்கலச் சிலைகள் இரண்டைச் செய்வித்தார். அக்குபங்சர் புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிலையில் ஒரு துளை இருந்தது. தேர்வு நாளில் சிலையின் மேல் மெழுகு பூசித் துளைகளை மறைத்துவிட்டு, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவன் விரலால் அளந்து இடம் கண்டு குத்த வேண்டும். சரியாகக் குத்தினால் நீர் கசியும். தப்பினால் ஊசி வெண்கலத்தில் இடிக்கும். புத்தகத்தை ஒப்பித்தவனுக்கு அந்தத் தேர்வில் வேலையில்லை.

அந்த அளவுமுறை இன்றும் மாறவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள 'ஸூசான்லி' புள்ளியைக் காண, நோயாளியின் நான்கு விரல் அகலத்தை முட்டிச் சில்லுக்குக் கீழே வைத்து, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி அழுத்த வேண்டும். அளவுக்கு நோயாளியின் விரல்தான் கணக்கு, மருத்துவரின் விரல் அல்ல. நம் சித்த மருத்துவத்தின் மணிக்கடை நூலும் இதே வழிதான்: மணிக்கட்டைச் சுற்றி நூல் அளந்து, அந்த நூலை நோயாளியின் விரற்கடையாலேயே கணக்கிடுகிறோம்.

மரபு ஒன்றானாலும் பள்ளிகள் பல. 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் சீன அரசு கல்லூரிகளைத் திறந்து, சிதறிக் கிடந்த குரு வழிப் பாடங்களைப் பொதுப் பாடநூலாக்கியது. இன்று உலகெங்கும் சீன மருத்துவம் என்று கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி அந்தப் பாடம்தான். ஜப்பானியர் இன்னும் மெல்லிய ஊசியும் அதைச் செலுத்தச் சிறு குழலும் வைத்துக்கொண்டு தங்களுக்கென ஒரு வழி கண்டார்கள். இங்கிலாந்தில் ஜே. ஆர். வொர்ஸ்லி ஐந்து பூத அக்குபங்சரைப் பரப்பினார். தமிழ்நாட்டில் நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்து, ஊசியே இல்லாமல் விரலால் தொட்டுவிடும் 'தொடு சிகிச்சை' வேர் பிடித்து, 'அக்கு ஹீலர்' என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. எந்தப் பள்ளி உசத்தி என்ற சண்டைக்குள் மாணவர் போக வேண்டாம். சேரப்போகும் இடம் எந்தப் பள்ளியைச் சொல்லித் தருகிறது என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1999இல் ஒரு கணக்குச் சொன்னது. மருத்துவர் அல்லாதவர் முழு அக்குபங்சர் பயில 2,500 மணி நேரம் வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் நோயாளி முன்னிலையிலும் செய்முறையிலும் கழிய வேண்டும். இது எதற்கு என்பதை நம் ஊர்த் தோள்வலியே விளக்கும். வலை இழுப்பவர் வலிக்கிறது என்று காட்டுவது பெரும்பாலும் கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே. அங்கேதான் 'பித்தப்பை 21' என்ற புள்ளி இருக்கிறது. அதற்கு நேர் கீழே நுரையீரலின் நுனி. ஊசி கொஞ்சம் ஆழம் போனால் நுரையீரல் துளைபட்டு, காற்று நெஞ்சுக்கூட்டில் அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்திச் சான்றிதழ் தரும் இடத்தில் இந்த ஆழம் கைக்கு வராது.

இனி டாக்டர் பட்டம். அமெரிக்காவில் இரண்டு வகை உண்டு: மருத்துவம் பார்க்கத் தயார் செய்யும் தொழில்முறை டாக்டர் பட்டம், முதுநிலை முடித்தவருக்கான உயர்நிலைப் பட்டம். இவற்றுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 1982இல் தொடங்கியது. ஆய்வுக்கான பிஎச்.டி. முற்றிலும் வேறு, அதை முடித்தால் ஆராய்ச்சியாளர் ஆகலாம், அந்தப் பட்டம் மட்டும் ஊசி போடும் உரிமம் ஆகாது. அங்கீகாரம் இருந்தாலும் கல்லூரி நிலைக்குமா என்று பார்க்க வேண்டும். உயர்நிலை டாக்டர் பட்டத்துக்கு முன்னோடியாக இருந்த, 1983இல் தொடங்கிய போர்ட்லாந்து நகரின் ஓரிகன் கல்லூரி 2024இல் மூடப்பட்டது.

சீனா போவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே எம்பிபிஎஸ் முடித்தவர் இந்தியாவில் தேர்வெழுதிப் பதிவு பெற வழி இருக்கிறது. சீனப் பாரம்பரிய மருத்துவப் பட்டத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாரம்பரிய மருத்துவத்துக்கெனத் தனிச் சட்டம் இருப்பதால், அங்கே குடியேற நினைப்பவருக்குக் கணக்கு வேறு.

இந்தியாவில் மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. மேற்கு வங்கம் 1996லேயே சட்டம் போட்டுவிட்டது; மகாராஷ்டிரமும் பின்னால் போட்டது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் ராஜமார்க்கம் ஒன்று உண்டு, அதுவும் நெட்டுக்குப்பத்திலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில். அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் பி.என்.ஒய்.எஸ். என்ற இளநிலைப் படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓராண்டு. அந்தப் பாடத்திலேயே அக்குபங்சர் உண்டு. முடித்தபின் மூன்றாண்டில் அக்குபங்சரிலேயே எம்.டி. செய்யலாம், பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

ஊசியைவிட வர்மத்திலும், தொக்கணம் என்ற உருவிப் பிடிக்கும் முறையிலும் மனம் போகிறவர்களுக்கு சித்த மருத்துவம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசுக் கல்லூரியும், 2005இல் திறக்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் எம்.டி. படிப்பைத் தருகின்றன.

ஆகவே பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டத்தை எந்த அரசு அமைப்பு ஏற்கிறது? நோயாளியைத் தொட்டுப் படிக்க எத்தனை மணி நேரம்? உடற்கூற்றியல் யார் நடத்துகிறார்? படித்து முடித்து எந்த மாநிலத்தில், எந்தச் சட்டப்படி பலகை மாட்டலாம்? நான்குக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் சேராதீர்கள். பெயருக்கு முன் 'டாக்டர்' போட்டுத் தருகிறோம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லும் இடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதீர்கள். நம் ஊர்த் தோளுக்கும் இடுப்புக்கும் நன்றாகப் படித்த கை வேண்டும்.