வாயிலில் நின்றவர்கள்

நெருக்கடி நிலை பற்றி எழுந்த நூல்களில் நம் கைக்கு எளிதில் எட்டுபவை, சிறை சென்ற தலைவர்களின் நூல்களே. 1975 சூன் 25ஆம் நாள் இரவு அது அறிவிக்கப்பட, மறுநாள் இதே பெங்களூரில் கைதான அத்வானி தம் சிறைக் குறிப்புகளைப் பின்னர் நூலாக்கினார். தமிழகத்தில், காவலில் இருந்த நிலையிலேயே உயிர் நீத்த சிட்டிபாபுவின் சிறை நாட்குறிப்பு கல்நெஞ்சையும் உருக்கும். இவற்றின் அருமையை நாம் மறுக்கவில்லை. எனினும் தலைவர்க்குப் பின்னே கட்சி உண்டு. கண்ணீர் வடிக்கத் தொண்டர் உண்டு. யாருமற்ற குடிமகன் பட்ட பாட்டை எழுதியவர் யார் என்று தேடப் புகுந்தால், இரு சிறு நூல்களே நம் கண்முன் நிற்கின்றன.

ஒன்று, சிநேகலதா ரெட்டியின் சிறைக் குறிப்பு. 1970இல் வந்த 'சம்ஸ்காரா' என்னும் கன்னடத் திரைப்படத்தில் நடித்தவர் அவர். 1976 மே மாதம் கைதாகி, ஆஸ்துமா நோயோடு எட்டு மாத காலம் பெங்களூர் மத்தியச் சிறையில் வாடினார். (இன்று நாம் குழந்தைகளோடு உலவும் 'பிரீடம் பார்க்' இருக்குமிடந்தான் அச்சிறை.) பரோலில் வெளிவந்த சில நாட்களில், 1977 சனவரி 20இல் மறைந்தார். தம் நோவை எழுதிய பக்கங்களைவிட, உள்ளே நுழையும் ஏழைப் பெண்கள் பிறர் முன் ஆடை களையப்பட்டு அவமதிக்கப்படுவதைக் கண்டு அவர் கொதித்தெழும் பக்கங்களே சிறந்தவை என்பது நம் கருத்து. தன் துன்பத்தினூடே பிறர் துன்பம் காணும் கண் எளிதில் வாய்ப்பதன்று.

மற்றொன்று, ஈச்சர வாரியர் என்னும் இந்திப் பேராசிரியர் மலையாளத்தில் எழுதிய ஒரு தந்தையின் நினைவுக் குறிப்பு. தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. 1976 மார்ச் 1ஆம் நாள், கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவரான அவர் மகன் ராஜனைக் காவலர் கொண்டு சென்றனர். தந்தை அமைச்சரைக் கண்டார், முதலமைச்சரைக் கண்டார், மனுக்கள் எழுதினார். எங்கும் விடை இல்லை. அவ்வாண்டு ஏப்ரல் 28இல், நெருக்கடிக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ஐவருள் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார்.

இங்கே நமக்குச் சிலம்பு நினைவுக்கு வருகிறது. பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பந்தானே கோவலன் குடும்பமும்! அயலூரில் அவனுக்காகப் பேச ஆளில்லை, ஆராயாமல் கொன்றனர். பாண்டியன் பிழையை நாம் பலகாலும் பேசுகிறோம். அவன் வாயிலோனை மறந்துவிடுகிறோம். தலைவிரி கோலமாய் நின்றவளைக் கண்டு அஞ்சினாலும், அவன் அவளை விரட்டவில்லை. உள்ளே சென்று, கண்டதைக் கண்டவாறே மன்னனிடம் உரைத்தான். அதனாலேயே வழக்கு நடந்தது, சிலம்பு உடைந்தது, உண்மை தெறித்தது.

வாரியர் கண்ட வாயில்களில் அப்படி ஒரு வாயிலோன் இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம் போன்றோர்க்கு இந்நூல் உறுத்துவது இதனால்தான். தடியெடுத்து அடித்தவர் சிலர். 'தெரியாது' என்று சொல்லி அனுப்பியவர் பலர். மனு எந்த மேசையில் உறங்கிற்று என்பதை எந்த வரலாற்று நூலும் எழுதாது. தமிழிலும் அம்மேசையின் கதையை எழுத ஒருவர் வரவேண்டும்.

வழக்கின் போக்கை விரிக்கும் இடங்களில் வாரியரின் நடை சற்றே தளர்கிறது. நெருக்கடி நிலை நீங்கிய பின் 1977இல் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததும், ராஜன் கைது செய்யப்படவே இல்லை என்ற அரசின் கூற்று அங்கே பொய்த்ததும், முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியதும் நாடறிந்தவை. நாடறியாதது அவர் இல்லத்தில் நடந்தது. சித்தம் கலங்கிய மனைவியிடம் மகன் இறந்ததை அவர் சொல்லவில்லை. மகன் மீது அன்பில்லாததால்தான் அழைத்து வரவில்லை என்று அவரையே குறைகூறிய அத்தாய், 2000ஆம் ஆண்டில் இறக்குமுன், ராஜன் வந்தால் கொடுக்கும்படி சில்லறைக் காசுகள் முடிந்த சிறு பொட்டலம் ஒன்றைக் கணவர் கையில் தந்தார். வாரியர் 2006இல் மறைந்தார். மகனின் உடல் இன்றளவும் கிடைக்கவில்லை.