பாதிப் புத்தகத்தின் பேச்சு

"இப்ப என்ன படிச்சிட்டிருக்கீங்க?" அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் படிக்கிறவர்கள் கூடினால் முதல் கேள்வி இதுதான். அண்மையில் ஈரோட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இந்த வழக்கத்துக்காக அரைமணி நேரம் வாதாடினார். இந்த வகை நாவல்களைத் தமிழ் விமர்சகர்கள் சீண்டுவதில்லை, கல்லூரிகள் பாடமாக வைப்பதில்லை. ஆகவே ஒரு வாசகர் இன்னொருவரிடம், "இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வதுதான் இந்த வகைக்குக் கிடைத்திருக்கும் ஒரே விமர்சனம் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நான் தட்டவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அர்சுலா லெ குவின் தமிழ் வாசகரிடம் வந்து சேர்ந்தது மதிப்புரைகளால் அல்ல, வாய்ச்சொல்லால். 2015இல் ஹியூகோ விருது பெற்ற லியூ சிஷினின் 'முவ்வுடல் சிக்கல்' நாவலை எனக்குக் கொடுத்தவர் ஒரு வங்கி ஊழியர். அவரும் அதை அப்போது பாதிதான் முடித்திருந்தார். 2018இல் தொடங்கிய 'அரூ' இதழ் வருவதற்கு முன்பு, இந்த வகைக்கென்று நம்மிடம் தனி மேடையே இல்லை. புத்தகம் கைமாற இந்தக் கேள்வி உதவியது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் புத்தகத்தைக் கைமாற்றுவது வேறு, வாசிப்பைக் கைமாற்றுவது வேறு. எண்பதாம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதற்கு என்ன இருக்கும்? அந்த உலகத்துக்கு எத்தனை நிலவுகள், அங்கே மந்திரம் எந்த விதிப்படி வேலை செய்கிறது, எந்தக் குலத்துக்கு எந்தக் குலத்தோடு பகை. அதாவது, புதிதாக இருப்பது மட்டும். 1968இல் வந்த லெ குவினின் 'எர்த்ஸீ மந்திரவாதி'யை எடுத்துக்கொள்வோம். பாதியில் நிற்பவர், "அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால் அது நம் பிடிக்குள் வந்துவிடும்" என்பார். அது அந்த நாவலின் ஒரு விதி, அவ்வளவுதான். தன்னைத் துரத்தும் நிழலைக் கடைசியில் நேருக்கு நேர் சந்திக்கும் கதாநாயகன் கெட், அதைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கிறானே, அங்கேதான் அந்த விதி ஒரு வாழ்க்கையாகிறது. முடிவைச் சொல்லிவிட்டேன். சொன்னதால் அந்த நாவலில் ஒரு எழுத்தும் குறையவில்லை. குறையும் என்று நம்புகிறவர்கள்தான், "கதையை உடைக்காதீங்க" என்று காதைப் பொத்திக்கொள்கிறார்கள். முடிவு தெரிந்துவிட்டால் செத்துப்போகும் நாவல் முதலிலிருந்தே உயிரில்லாதது.

புதிதாக இருப்பதை மட்டும் பகிரும் இந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் அச்சு சுஜாதா. இதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பதினான்கு வயதில் என்னை இந்த வகைக்குள் இழுத்துவந்தவரே அவர்தான். கணையாழியின் கடைசிப் பக்கத்திலும் பிறகு விகடனின் 'கற்றதும் பெற்றதும்' தொடரிலும் தான் படித்ததையெல்லாம் உடனுக்குடன் வாசகரோடு பகிர்ந்தார். இரண்டு வரியில் கரு, ஒரு வரியில் வியப்பு, அடுத்த விஷயம். அவருக்கு அது கைவந்தது, ஏனென்றால் அவர் நிறையப் படித்து முடித்தவர். நாம் எடுத்துக்கொண்டது அந்த இரண்டு வரியை மட்டும். ஒரு நாவலை அதன் கருவாகச் சுருக்கிச் சொல்லத் தெரிந்தால் அதைப் படித்துவிட்டதாக ஒரு தலைமுறையே நம்பியது.

அவருடைய நாவலுக்கே இது நேர்ந்தது. 'என் இனிய இயந்திரா' என்றதும் எல்லோரும் ஜீனோவைச் சொல்கிறார்கள், அந்தப் பேசும் இயந்திர நாயை. மூன்றாவது முறை படித்தபோது என்னை நிறுத்தியது நாய் அல்ல. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டது என்று தொடக்கத்திலேயே பூரித்துப்போகிறாளே நிலா, அந்தப் பூரிப்பு. அனுமதி கேட்க வேண்டியிருப்பது அவளுக்கு உறுத்தவே இல்லை. சர்வாதிகாரம் ஒரு பெண்ணின் மகிழ்ச்சிக்குள்ளேயே குடியேறிவிட்டதை இவ்வளவு சாதாரணமாகத் தமிழில் எழுதியவர் எனக்குத் தெரிந்து வேறு யாருமில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த நாவலைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். இதைப் பற்றி ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. "இப்ப என்ன படிக்கிறீங்க" என்ற கேள்விக்கு, "பழையதையே மறுபடியும்" என்று பதில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

தமிழில் அறிவியல் சிறுகதைகள் குவிகின்றன, நல்ல நாவல்கள் ஏன் அரிதாகவே வருகின்றன என்ற கேள்விக்கு என் பதிலும் இதுதான். எழுதுகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருந்துதானே வருகிறார்கள்? கருவை மட்டும் பாராட்டிப் பழகிய கூட்டம் கருவை மட்டுமே எழுதும். கருவுக்குச் சிறுகதை போதும். ஜோ வால்டன் பழைய அறிவியல் புனைகதைகளையும் மிகுபுனைவுகளையும் திரும்பத் திரும்பப் படித்து எழுதிய கட்டுரைகள் 2014இல் தொகுப்பாக வந்தன. மறுவாசிப்பை மட்டுமே பகிரும் அப்படியொரு நூல் தமிழில் இந்த வகைக்கு வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி மறுபடி பகிர்வது நமக்குப் பழக்கமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. மாதேஸ்வரன் மலைக்கு ஓர் அமாவாசையில் போய்ப் பாருங்கள். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டாரம் அது. பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர். எல்லை மாறினாலும் மேட்டூர், சேலம், ஈரோட்டுச் சனங்கள் பாலாற்றைத் தாண்டிப் போவதை நிறுத்தவில்லை. அங்கே கம்சாளை என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு கம்சாளைக்காரர்கள் பாடுவது புலிமேல் வரும் மாதேஸ்வரனின் காவியம். தேவர்களையே அடிமையாக்கிய சிராவணன், எழுபத்தேழு மலை, கேட்ட வரத்தைக் கொடுத்தும் கொடுக்காமலும் சோதிக்கும் சாமி. எந்த மிகுபுனைவு நாவலுக்கும் குறையாத உலகம். 2001இல் சாகித்திய அகாதெமி இதை ஆங்கிலத்தில் புத்தகமாகவே கொண்டுவந்தது. நம் கூட்டங்களில் யாரும் அதைப் பகிர்ந்து நான் கேட்டதில்லை.

நான் போயிருந்தபோது கோயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் பாடிக்கொண்டிருந்தார்கள். இடது உள்ளங்கையில் கிண்ணம்போலக் குழிந்த வெண்கலம், வலது கையில் குஞ்சம் தொங்கும் தட்டு. இரண்டும் மோதும் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு ஒரு படி ஏறியது. கன்னடப் பாட்டு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். எனக்குப் பக்கத்தில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. பாடகர் அடுத்த வரியை எடுப்பதற்குள் அவர் உதடு அசைந்துவிடும்.

"அடுத்து என்ன ஆத்தா?" என்றேன்.

"சங்கம்மா வருவா கண்ணு. கட்டுனவன் சந்தேகப்பட்டு அவளப் படாதபாடு படுத்திப்போட்டுக் காட்டுக்குப் போயிருவான். அப்பறம் சாமி அவளத் தேடி வரும்." முழுக் கதையையும் சொல்லிவிட்டார்.

"எத்தன தடவ கேட்டிருப்பீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியிருந்து கேக்கறேன். அப்பெல்லாம் சாமி வர்ற எடந்தான் புடிக்கும். இப்ப சங்கம்மா தனியாக் கெடக்கறாள்ல, அந்த எடம்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னார். பாடகர் குரலைத் தணித்துக்கொண்டிருந்தார், சங்கம்மா வந்துவிட்டாள்.