சுமப்பவளின் சினம்: ‘அவள் ஒரு தொடர்கதை’

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் நோக்கிப் பரந்த சமவெளியில், நூற்பாலைக் கூலியால் குடும்பத்தைத் தாங்கும் இளம்பெண்கள் பலர். அவர்தம் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் நாம், கே. பாலச்சந்தர் 1974இல் இயக்கிய இத்திரைப்படத்தை மீண்டும் காண்பது நலம்.

தந்தை துறவு பூண்டு சென்றுவிட்டார், அண்ணன் குடிகாரன். கவிதாவின் சம்பளமே வீட்டை நடத்துகிறது. சுஜாதா இவளைப் பொறுமையின் சிலையாக நடிக்கவில்லை. சினக்கிறாள், சுடுசொல் வீசுகிறாள். படத்தின் மெய்ம்மை இச்சினத்திலேயே உள்ளது. சுமக்கிறவள் சாந்தமாகவும் இருக்கவேண்டுமென எதிர்பார்ப்போர் (ஆயர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல) இதனைக் கவனிக்கவேண்டும்.

அவளை நேசிக்கும் திலக்கின் நிலையும் கருதத்தக்கது. காத்திருந்து சலித்தவன், கைம்பெண்ணான அவள் சகோதரியிடம் மனத்தைச் செலுத்துகிறான். கவிதாவே அவர்தம் திருமணத்தை முடித்துவைக்கிறாள். அவனை வஞ்சகன் என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

முடிவில்தான் நமக்கு உடன்பாடில்லை. கவிதாவின் மணநாளில் அண்ணன் கொலையுண்ண, மணமகனைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து மீண்டும் வேலைக்குப் புறப்படுகிறாள். அதுகாறும் மனிதர் சுமத்திய சுமை, இங்கே விதி சுமத்தியதாகிவிடுகிறது. கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள் துக்க வீட்டாராகித் தப்பிவிடுகின்றனர். அவளைத் தியாகி என்று போற்றுவது நமக்கும் எளிதாகிவிடுகிறது.

ரித்விக் கட்டக்கின் வங்காளப் படமான ‘மேகே டாகா தாரா’விலும் (1960) குடும்பத்தைச் சுமக்கும் மகள் ஒருத்தி உண்டு. காதலன் அவள் தங்கையை மணக்கிறான். அவளோ காசநோய்க்கு இரையாகிறாள். எனினும், தான் வாழ விரும்பியதாக இறுதியில் மலைகள் எதிரொலிக்கக் கதறுகிறாள். கவிதாவுக்கு அக்கதறல் அளிக்கப்படவில்லை.