செம்பட்டைத் தலையும் ஊரின் இசைவும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூர் வடக்கனந்தல். அங்கும் கச்சிராயபாளையம் கடைவீதியிலும் முன்முடியைச் செம்பட்டையாகவோ மஞ்சளாகவோ மாற்றிக்கொண்ட இளைஞர்கள் இன்று சகஜமாகக் கண்ணில் படுகிறார்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்கள், ஐடிஐ படிக்கிறவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள் எல்லோரும் அவர்களில் உண்டு. ‘புள்ளிங்கோ’ என்று ஊர் அவர்களை ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது.

இந்த நிறம் நாளை எல்லோருக்கும் பொதுவான வழக்கம் ஆகுமா? ஆக விடாமல் தடுப்பது எது? மூன்று காரணங்கள் பேச்சில் அடிபடுகின்றன: சினிமாவும் செல்போனும், சாயத்தின் விலை, பெரியவர்களின் இசைவு. மூன்றையும் எடை போட ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள் என்ற கணக்கு இதற்குப் போதாது. செய்தவரிடம் ‘ஏன் செய்தாய்?’ என்று எவரும் கேட்காத நிலை வரும்போதுதான் ஒன்று வழக்கமாகிறது.

முதலில் சினிமா. கொரியப் பாடகர்களின் தலைமுடியும் கால்பந்து வீரர்களின் தலைமுடியும் செல்போன் வழியாக மலைக் கிராமம் வரை வந்து சேர்கின்றன. ஆசையை மூட்டுவதில் திரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆசை வேறு, வழக்கம் வேறு. 2011-இல் வெளிவந்த ‘மங்காத்தா’வில் அஜித்குமார் நரைத்த தலையோடு நடித்தார், அதன் பிறகும் பல படங்களில் அப்படியே வந்தார். ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். என்றாலும் கருப்புச் சாயம் விற்காத பெட்டிக்கடையைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அத்தனை பெரிய நட்சத்திரத்தாலேயே நரையை ஊர்வழக்கமாக்க முடியவில்லை. திரை ஒரு தோற்றத்தை அறிமுகம் செய்யும். அதைத் தாங்கி நிற்க வைக்கும் வலு அதற்கு இல்லை.

அடுத்து விலை. இங்கே நம் வட்டாரத்துக்கே ஒரு பங்கு இருக்கிறது. நம் கள்ளக்குறிச்சி அன்று அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமான கடலூரில்தான் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது; ‘இண்டிகா’ என்ற முடிச்சாயத்தையும் அது விற்கிறது. சில்லறைக் காசுக்குச் சாயம் கிடைத்ததால்தான் கூலி வேலைக்குப் போகிறவரும் நரையை மறைக்க முடிந்தது. விலையின் வலிமைக்கு இது நல்ல சான்று.

ஆனால் பளிச்சென்ற நிறத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கரிய முடியின் மேல் நீலத்தையோ பச்சையையோ நேராகப் பூசினால் கண்ணுக்கே தெரியாது. முதலில் ப்ளீச் போட வேண்டும். அமோனியா முடியின் மேற்செதில்களை விரிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே புகுந்து மெலனினைச் சிதைக்கும். கருப்பு போகப் போக முதலில் செம்பு நிறம், பிறகு ஆரஞ்சு, கடைசியில் வெளிர்மஞ்சள் வரும். அந்த வெளிர்மஞ்சளின் மேல்தான் நீலம் நீலமாக நிற்கும். கையில் இருக்கும் காசு பெரும்பாலும் முதல் படிக்குத்தான் போதும். நம் ஊர்த் தலைகளில் செம்பட்டையே மிகுதியாகத் தெரிவதற்கு இது முக்கியக் காரணம். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முடி வளர்ந்து வேரில் கருப்பு எட்டிப் பார்க்கும். மேலே பூசிய நீலமும் பச்சையும் சில வாரங்களில் வெளுக்கும். ஆக, விலை ஒரு மெய்யான தடைதான். இருந்தும் அது முடிவான தடை அல்ல. செல்போனும் பைக்கும் இதைவிட எத்தனையோ மடங்கு விலை உயர்ந்தவை, அவை வழக்கமாகிவிட்டன.

இனி இசைவு. பளிச்சென்ற சாயமுடி தமிழ்நாட்டுக்குப் புதிது என்று நினைப்பதே தவறு. மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கருமுடியில் அது அவ்வளவாகத் தெரியாது. நரைமுடியில் பளீரென்ற ஆரஞ்சாகத் தெரியும். மருதாணி இட்டுச் சிவந்த தாடியோடு பள்ளிவாசலுக்குப் போகும் முதியவரையும், வகிடு முழுக்கச் சிவந்த தலையோடு சந்தைக்கு வரும் பாட்டியையும் நாம் காலங்காலமாகப் பார்த்து வருகிறோம். யாரும் அவர்களை நிறுத்திக் காரணம் கேட்பதில்லை. நம் அளவுகோலின்படி அது முழுமையான வழக்கம். அதே ஆரஞ்சு நிறம் பதினெட்டு வயதுப் பையனின் தலையில் ஏறும்போது அவனுடைய நடத்தையைப் பற்றிய சந்தேகமாகிவிடுகிறது. நிறம் ஒன்றுதான், வயதும் மதிப்பும்தான் வேறு. சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் பர்கண்டி நிறத் தலைமுடி நாகரிகம் என்றும், கூலித் தொழிலாளி மகனின் செம்பட்டை பொறுக்கித்தனம் என்றும் பெயர் வாங்குவதும் இதனால்தான்.

முடிவழக்கம் ஒன்று எப்படித் தலைகீழாக மாறும் என்பதற்குக் குடுமியின் வரலாறு துணை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் ஆண்களிடம் குடுமி பரவலான வழக்கம். மதம் மாறியவர்கள் அதை வெட்டியே ஆக வேண்டும் என்று மிஷனரிகளில் ஒரு சாரார் வற்புறுத்தினார்கள். மிஷனரியான கால்டுவெல்லோ 1867-இல் குடுமியைப் பற்றித் தனியாகவே எழுதி, அதைச் சமயச் சின்னமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று வாதாடினார். அந்த வற்புறுத்தலால் குடுமி ஒழியவில்லை. ஆங்கிலப் படிப்பும் அரசு உத்தியோகமும் பட்டாளமும் கிராப்புக்கு மதிப்பைக் கொடுத்த பிறகு, சட்டம் எதுவும் இல்லாமலே ஊர் ஊராகக் குடுமி மறைந்தது. கிராப்பு மேலிருந்து கீழே இறங்கியது. செம்பட்டையோ கீழிருந்து மேலே ஏறப் பார்க்கிறது. அதன் பயணம் கடினமாக இருப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

ஜப்பானும் இதையே சொல்கிறது. இயற்கையிலேயே பழுப்பு முடி கொண்ட ஒரு மாணவியைக் கருப்புச் சாயம் பூசச் சொல்லி ஒசாகா மாநிலப் பள்ளி ஒன்று திரும்பத் திரும்ப வற்புறுத்தியது. 2017-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, பள்ளியின் தலைமுடி விதி சட்டப்படி செல்லும் என்றது. அவருடைய பெயரை வருகைப் பட்டியலிலிருந்து நீக்கியதற்காக 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ பெருநகர அரசுப் பள்ளிகள் கருமுடிக் கட்டாயத்தைக் கைவிட்டன. ஒசாகாவில் நீதிமன்றம் தொடாமல் விட்டதைப் போன்ற விதியை டோக்கியோவில் கல்வி நிர்வாகமே கைவிட்டது. இசைவு தருகிற இடம் மனம் மாறினால் வழக்கமும் மாறத் தொடங்கும்.

எதிர்த்தரப்பு வாதங்களில் இரண்டுக்கு உண்மையான கனம் உண்டு. முதலாவது, பள்ளியில் சமத்துவம். வசதி உள்ள பிள்ளை நிறம் மாற்றினால், இல்லாத பிள்ளையும் வீட்டில் காசு கேட்டு நச்சரிக்கும். சீருடை எதற்காக வந்ததோ அது கெடும். இரண்டாவது, உடல்நலம். கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பாராஃபீனிலின்டையமின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். ப்ளீச் அளவு மீறினால் உச்சந்தலை வெந்துபோகும். முதலில் தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையைச் சாயப் பெட்டியின் மேல் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதைப் படித்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. இந்த இரண்டு காரணங்களுக்காகப் பள்ளிக்குள் சாயம் வேண்டாம் என்றால் நான் முழு மனதோடு ஏற்பேன்.

ஆனால் நடைமுறையில் நாம் சொல்லும் காரணம் இவை இரண்டும் அல்ல. முடிதிருத்துபவரைப் பள்ளிக்கே வரவழைத்து மாணவர்களின் தலையை வெட்ட வைத்த செய்திகள் பல மாவட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன. அங்கெல்லாம் பேசப்பட்டது ஒழுக்கம்தான். தலையின் நிறத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் காட்டியதில்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க இறங்கி வருகிற பையனை எல்லோர் முன்னும் உட்கார வைத்து வெட்டினால், அவன் மறுநாள் பள்ளிக்கு வராமல் போகவும் கூடும். ஒரு பிடி செம்பட்டைக்காக ஒரு படிப்பையே பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

என் முடிவு இது. திரை ஆசை தரும், மலிவு வசதி தரும். வழக்கம் என்ற தகுதியைத் தருவது இசைவு மட்டுமே. பளிச்சென்ற முடி நம்மிடம் வழக்கமாகாமல் நிற்பதற்குக் காரணம், அதை முதலில் சூடியவர்கள் ஊரில் மதிப்பு குறைந்தவர்களாக வைக்கப்பட்டவர்கள் என்பதே. இதே நிறத்தை ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் முதலில் சூடியிருந்தால், இன்றைக்கு இதைப் பற்றி எழுதவே தேவை இருந்திருக்காது. ஆகவே பள்ளிக்கு விதி இருக்கட்டும். அதைச் சாயத்தின் தீங்கைச் சொல்லி, கருஞ்சாயத்துக்கும் சேர்த்து, பெற்றோரிடம் பேசி நடைமுறைப்படுத்தட்டும். பள்ளி வாசலைத் தாண்டியபின், பதினெட்டு வயது நிறைந்தவரின் தலைமுடியை வைத்து அவருடைய குணத்தை அளக்கும் உரிமை ஊருக்கு இல்லை.